டவாலி மாசிலாமணியின் டெபிலிட்டி

ஒரு சர்க்கார் ஆபீசில் மாசிலாமணி என்றொரு டவாலி இருந்தான். அதிகாரி தணிகாசலத்தின் பையை மாடிக்கும் கீழுக்கும் தூக்கித் தூக்கி ஆள் ஈர்க்குச்சியாகிவிட்டான். டாக்டர் பார்த்துவிட்டு, ‘டெபிலிட்டி, மூன்று நாள் ஓய்வு’ என்று இங்கிலீஷில் சீட்டெழுதிக் கொடுத்தார்.

தணிகாசலத்துக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். சீட்டைப் பார்த்ததும் மீசை துடித்தது.

“டெபிலிட்டின்னா என்ன அர்த்தம், சொல்லு.”

“தெரியாதுங்கய்யா.”

“அர்த்தமே தெரியாத வியாதி உனக்கு எப்படிடா வரும்? லீவு கிடையாது.”

“ஐயா சொன்னா தெரிஞ்சுக்கிறேனுங்க.”

வீட்டுக்குக் கிளம்பும் நேரம். தணிகாசலம் வழக்கம்போல் காலை நீட்டினார். மாசிலாமணி குனிந்து பூட்ஸை மாட்ட, அவர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி விளக்கினார்.

“டெபிலிட்டின்னா பலவீனம். அது வந்தவனால ஒரு பையைத் தூக்க முடியாது. தண்ணிகூட இன்னொருத்தன்தான் கொண்டாந்து கொடுக்கணும். கார் கதவைத் திறக்க ஆள் வேணும். இதுல ஒண்ணாவது உனக்கு இருக்கா?”

“இல்லீங்கய்யா,” என்றான் மாசிலாமணி, கயிற்றை முடிந்துகொண்டே. “ஐயாவுக்குத்தான் எல்லாமே இருக்கு. பன்னிரண்டு வருஷமா கூடவே இருந்து பார்க்கிறேன். சீட்டுல பேரை மாத்திடலாங்களா?”

குமாஸ்தாக்கள் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

தணிகாசலம் விருட்டென்று எழுந்தார். பையைத் தானே தூக்கினார், கார் கதவைத் தானே திறந்தார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். மூன்றே நாளில் மாசிலாமணிக்கு உடம்பு தேறிவிட்டது.

நான்காம் நாள் அதிகாரி வரவில்லை, அவருடைய லீவுச் சீட்டுதான் வந்தது. தலைமைக் குமாஸ்தா அதை உரக்க வாசித்தார்.

“டெபிலிட்டி.”

இந்த முறை யாரும் மாசிலாமணிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.