கூடைக்கு அடியில்

மேகமலையில், வாள்மேல் ஏறிப் பறக்கும் வித்தையைக் கற்றுத்தரும் மடம் ஒன்று இருந்தது. அதன் தலைமைக் குரு தாவ்ஷென், எதிரில் நிற்பவர் மனத்தைப் படித்துவிடுவார் என்று பேர்.

அவர் ஒருநாள் பனி படர்ந்த முற்றத்தில் கூடிய சபையில் ஹான்லூ என்ற சீடனைக் கூப்பிட்டு, "உனக்குள் துளி சக்தியும் இல்லை, பார்த்துவிட்டேன். பனிப்பள்ளத்துக்குப் போ," என்றார். அங்கே போன யாரும் திரும்பியதில்லை. ஹான்லூ தலையைத் தொங்கப்போட்டான்.

முற்றம் பெருக்கும் பெய்ஷி அதைக் கேட்டாள். அவளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கித் தரும் ஒரே ஆள் அவன்தான். குப்பைக் கூடையோடு ஓடிவந்து குருவின் காலில் விழுந்தாள்.

"நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல். சொல்லிவிட்டால் அவனை விடுகிறேன்," என்று சிரித்தார் குரு.

பெய்ஷி முதுகு மறைக்கத் திரும்பிக் குனிந்து, பனித்தரைமேல் விரலை அசைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கூடையைக் கவிழ்த்தாள்.

"என் மனசில இருக்கிறதுதான் இதுக்கு அடியிலயும் இருக்கு, சாமி. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

சபையே குருவைப் பார்த்தது.

"நான் அவனை மன்னிக்க நினைப்பதாகக் கீறி வைத்திருக்கிறாய்," என்றார் அவர்.

பெய்ஷி கூடையைத் தூக்கினாள். ஒரு கீறலும் இல்லாத வெறும் பனி.

"பயத்துல எனக்கு ஒண்ணுமே தோணலை, சாமி."

குரு எழுந்து உள்ளே போனார். ஹான்லூவைப் பள்ளத்துக்கு யாரும் இழுத்துப் போகவில்லை. இங்கேயே இரு என்றும் சொல்லவில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து அழுதான்.

"இத்தனை வருஷமும் இவரை நம்பியா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்?"

"எனக்கும் இனி இங்க இடமில்லை. வாங்க, சேர்ந்தே மலையிறங்கலாம்," என்றாள் பெய்ஷி.

அவனுக்கு அழுகை நிற்கவில்லை. ஆனாலும் அவள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.