மிகச் சிறப்பு, இவ்வாறே தொடர வேண்டுகிறேன்

மகுடவர்மன் பட்டமேறிய பன்னிரண்டாம் ஆண்டு, ஆனி முதல் நாள் காலை. அவைக்குள் வந்த கூடையில் முந்நூற்று நாற்பது ஓலைகள். அதைச் சுமக்கவைத்து முன்னால் நடந்து வந்தவர் பெயர் சர்வோத்தமர்.

கருவேலி நாடு என்று ஒரு நாடு அந்தக் காலத்தில் இருந்தது. அதை ஆண்ட மகுடவர்மனுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. நாட்டின் ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் தயார்செய்யும் பயிற்சிக் கழகத்தைச் சர்வோத்தமரிடம் ஒப்படைத்தது ஒரு மாலையில்.

கழகத்தில் ஆசிரியர்கள் மண் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பழகினார்கள். பொம்மைகள் சத்தம் போடுவதில்லை, சிறுநீர் கழிக்க எழுந்து போவதில்லை. தலைமை ஆசிரியர் பயிற்சி ஒன்பது நாள். அதில் ஆறு நாள் தலைப்பாகை கட்டவும் விருந்தினரை வரவேற்கவும் போனது.

"மன்னா, போன ஆண்டு பயின்றவர்கள் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டு ஓலைகள் இவை. ஏழு கேள்விகள். எல்லாவற்றுக்கும் எல்லோரும் ஒரே பதில். 'மிகச் சிறப்பு. இவ்வாறே தொடர வேண்டுகிறேன்.' ஆகவே, எங்கள் சான்றோலை இல்லாத எவரும் பாடம் நடத்தக் கூடாது என்று ஆணை வேண்டும். ஓடத்துறையில் உலகம்மை என்றொருத்தி சான்றோலையே இல்லாமல் பள்ளி நடத்துகிறாளாம்!"

அமைச்சர் குழைக்காதருக்கு அந்தப் பள்ளி தெரியும். ஆற்றைக் கடக்கும்போது இருமுறை எட்டிப் பார்த்திருக்கிறார். ஓடக்காரர்களின் பிள்ளைகள் பத்தொன்பது பேர். அத்தனை பேரும் வாசித்தார்கள். பக்கத்து ஊரில் கழகத்து ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

"மதிப்பீட்டு ஓலையை எப்போது வாங்குவீர்கள், சர்வோத்தமரே?" என்று கேட்டார் குழைக்காதர்.

"சான்றோலை கொடுப்பதற்குச் சற்று முன்பு."

"யார் முன்னிலையில்?"

"என் முன்னிலையில்தான். வேறு யார் முன்னிலையில்? உமக்கு என் மேல் என்ன காய்ச்சல் ஐயா?"

மன்னன் கொட்டாவி விட்டான். "குழைக்காதரே, ஆறாம் நாள் இந்த ஆண்டுக்காரர்கள் வெளியேறுகிறார்கள். அதற்குள் பயிற்சியில் ஓர் ஓட்டையாவது காட்டும். இல்லையென்றால் ஏழாம் நாள் ஓடத்துறைப் பள்ளிக்குப் பூட்டு."

"காட்டுகிறேன், அரசே. மதிப்பீட்டு ஓலையில் அரசர் பெயரால் எட்டாவதாக ஒரு கேள்வி சேர்க்க அனுமதி வேண்டும். உலகம்மைக்கும் ஓர் ஓலை கொடுக்க வேண்டும். பதில்களை இந்த அவையில்தான் பிரிக்க வேண்டும்."

"அவளும் எழுதட்டுமே, பிழைகளை எண்ணிச் சிரிக்கலாம்" என்றார் சர்வோத்தமர். குழைக்காதர் நீட்டிய ஓலையில் மன்னன் படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினான். சர்வோத்தமர் முத்திரையைக் கண்டதும் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படியெடுக்க அனுப்பிவிட்டார்.

ஆறாம் நாள் அவை கூடியது. உலகம்மையும் ஒரு தூண் ஓரமாக வந்து நின்றாள். கட்டியக்காரன் முதல் ஓலையைப் பிரித்தான். ஏழு பதிலும் மிகச் சிறப்பு. சர்வோத்தமர் மீசையைத் தடவினார்.

"எட்டாவது கேள்வி" என்று தொடங்கிய கட்டியக்காரன் மன்னனைத் திரும்பிப் பார்த்தான்.

"வாசியடா!" என்றான் மன்னன்.

"'நம் மன்னரின் கடைவாய்ப் பல் மூன்று மாதமாக வலிக்கிறது. இரவில் உறக்கமில்லை. இது குறித்து உமது கருத்து என்ன?' பதில்... 'மிகச் சிறப்பு. இவ்வாறே தொடர வேண்டுகிறேன்.'"

இரண்டாவது ஓலையும் அதையே சொன்னது. மூன்றாவதும். இருபதாவது ஓலையில் மன்னன் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்தான்.

"ராஜத் துரோகிகள்! அத்தனை பேரையும் சிறையில் தள்ளுங்கள்! என் பல்லைப் பற்றிக் கேட்டவன் எவன்?"

"உங்கள் முத்திரைதான் இருக்கிறது, அரசே" என்றார் குழைக்காதர்.

மன்னன் ஓலையை வாங்கிப் பார்த்தான். மெல்ல உட்கார்ந்தான்.

"அவர்கள் துரோகிகள் இல்லை. கேள்வியை அவர்கள் வாசிக்கவே இல்லை. வாசித்தால் சான்றோலை தாமதமாகும் என்று பழக்கப்பட்டவர்கள். அந்த ஒன்றைக் கழகம் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறது" என்றார் குழைக்காதர்.

"பக்தி மிகுதியால் எழுதிவிட்டார்கள், மன்னா" என்றார் சர்வோத்தமர்.

"என் பல்வலி மேலா பக்தி? சும்மா இரும்!"

கடைசியாக உலகம்மையின் ஓலை வந்தது. முதல் ஏழு கேள்விகளுக்கும் ஒரே வரி: 'நான் இங்கே பயிலவில்லை, அதனால் தெரியாது.' எட்டாவதற்கு: 'கிராம்பு வைத்துப் பார்த்தீர்களா? அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்கிவிட வேண்டியதுதான்.'

மன்னன் அவள் பக்கம் திரும்பினான். "பிடுங்கினால் வலிக்காதா, அம்மா?"

"வலிக்கும் ராசா. இல்லையென்று சொன்னால் அடுத்த தடவை நான் சொல்வதை நீங்கள் நம்புவீர்களா? பிள்ளைகளிடமும் அப்படித்தான்."

மன்னன் சிரிக்கப் பார்த்து, வலியில் முகம் சுளித்தான். "சரி, குழைக்காதரே, பயிற்சி நன்றா இல்லையா என்று பின்னே யாரைக் கேட்பது?"

"ஓராண்டு கழித்து, அந்த ஆசிரியரிடம் படித்த குழந்தையை. கருத்துக் கேட்க வேண்டாம், அரசே. வாசிக்கச் சொன்னால் போதும்."

அன்றே ஆணை பிறந்தது. ஓடத்துறைப் பள்ளி பூட்டப்படாது. பயிற்சி பெறுகிறவர்கள் பாதி நாட்களை அங்கேயும் அதுபோன்ற பள்ளிகளிலும் உயிருள்ள பிள்ளைகளோடு கழிக்க வேண்டும். கழகத்துக்கு உலகம்மை தலைவி. சர்வோத்தமருக்கு மேலக்காட்டுப் பள்ளி.

"அங்கே பொம்மைகள் உண்டா, மன்னா?" என்றார் அவர்.

"இல்லை. பதினேழு பிள்ளைகள். நிறையக் கேள்வி கேட்பார்களாம்."

பதின்மூன்றாம் ஆண்டு, ஆடி ஒன்பதாம் நாள், மேலக்காட்டுப் பள்ளியில் முதல் மதிப்பீடு நடந்தது. சர்வோத்தமரிடம் படித்த பதினேழு பேரில் நான்கு பேர் வாசித்தார்கள்.