முள்ளம்பன்றிகளின் கிழங்கு அறை

கரட்டு மலையின் அடிவாரத்தில், ஒரு பாறைக் குகையில், முள்ளம்பன்றிக் கூட்டம் ஒன்று வாழ்ந்துவந்தது. குகையின் உள்ளறையில் அவை கிழங்குகளைச் சேர்த்து வைத்திருந்தன. அந்த அறையைப் பார்த்துக்கொண்ட கிழட்டு முள்ளம்பன்றி ஒருநாள் சிறுத்தையிடம் சிக்கி இறந்துபோனது. அதன் பிறகு ஆளாளுக்கு உள்ளே போய், கிழங்குகளைக் கண்டபடி கொட்டின, கலைத்தன. ஐந்தாம் நாள், சுருளி என்ற முள்ளம்பன்றியின் குட்டி அந்தக் குவியலிலிருந்து எதையோ எடுத்துத் தின்று செத்துப்போனது.

அன்று முதல் குவியலைத் தொட எல்லாவற்றுக்கும் பயம். வெளியே போய்த் தோண்டவும் பயம். சிறுத்தை இன்னும் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன.

அப்போதுதான் தவிட்டி என்ற வெள்ளெலி அங்கே வந்து சேர்ந்தது. கீழே சோளக்காட்டில் நான்கு அறுவடைக் காலம் எலிகளின் தானிய வளைகளைக் காத்த எலி அது. டிராக்டர் வந்து உழுததில் வளை போயிற்று. கூட்டமும் சிதறிப் போயிற்று. கிழங்கு அறைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மலை ஏறியது. வழியில் இரண்டு முறை வல்லூற்றின் நிழல் அதன் முதுகைத் தொட்டுப் போனது.

கூட்டத்தின் தலைவி வரிமுள்ளி அதை ஏற இறங்கப் பார்த்தது. "கிழங்கு பார்த்துப் பழக்கம் உண்டா?"

"இல்லை, அம்மா. சோளம், கம்பு, கேழ்வரகுதான் தெரியும். வகை பிரித்து வைப்பேன். எது எங்கே இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் சொல்லுவேன்."

வரிமுள்ளியின் தம்பி மகன் கூரன் முட்களைச் சிலுப்பிக்கொண்டு முன்னால் வந்தது. "கம்பை மாற்றி வைத்தால் யாரும் சாக மாட்டார்கள், அத்தை. இங்கே சாவார்கள். நான் இந்தக் குகையிலேயே பிறந்தவன். எந்தக் கிழங்கானாலும் முகர்ந்தே சொல்லிவிடுவேன். வெளியாள் எதற்கு?"

கூரன் சொன்னது உண்மை என்று தவிட்டிக்கே தோன்றியது.

வரிமுள்ளி இரண்டையும் பார்த்துச் சொன்னது. "குவியலை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன். தின்னக் கூடியதை ஆளுக்கொரு பக்கம் எடுத்து வையுங்கள். பொழுது சாயும்போது நான் வந்து, வைத்ததிலிருந்து ஒன்றை எடுத்துத் தருவேன். வைத்தவரே அதைத் தின்ன வேண்டும்."

ஓடிவிடலாமா என்று தவிட்டி வாசலைப் பார்த்தது. வெளியே வல்லூறு இன்னும் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

அது வேலையைத் தொடங்கியது. தோல் நிறம், பருமன், நீளம் என்று பார்த்துப் பிரித்தது. கை பழகிய வேலை. குவியல் மளமளவென்று குறைந்தது. கடைசியில் சில கிழங்குத் துண்டுகள் மிஞ்சின. எல்லாம் விரல் பருமன், எல்லாம் ஒரே நிறம். அவை ஒரே வகையா, இரண்டு வகையா என்று அதற்குப் புரியவில்லை.

யாரிடமாவது கேட்கலாம். கேட்டால், 'பார், இதற்கு ஒன்றும் தெரியவில்லை' என்று துரத்திவிடுவார்களே! கேட்காவிட்டால்? தான் சாவது ஒரு பக்கம் இருக்கட்டும். இவற்றை நம்பித் தின்னப்போவது குட்டிகள் அல்லவா!

மூலையில், குட்டியைப் பறிகொடுத்த சுருளி தனியாகப் படுத்திருந்தது. தவிட்டி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதன் அருகே போனது.

"அக்கா, எனக்கு இது தெரியவில்லை. நீங்கள் தோண்டி எடுப்பவர் என்றார்கள். கொஞ்சம் சொல்லித் தருவீர்களா?"

சுருளி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தது. பிறகு மெதுவாகப் பேசியது. "இது காந்தள் கிழங்காகவும் இருக்கலாம். காந்தளைக் காயத்துக்கு அரைத்துப் பூசுவோம். தின்றால் உயிர் போய்விடும். முழுசாக இருந்தால் கலப்பைபோல இரண்டாகப் பிரிந்திருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். முறிந்துபோனால் வள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும். என் பிள்ளை தின்றதும் ஒரு முறிந்த துண்டுதான்."

தவிட்டி திரும்பிப் போய், தான் பிரித்து வைத்த அத்தனையையும் மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. கலப்பைபோலப் பிரிந்தவற்றையும், முறிந்த துண்டுகள் எல்லாவற்றையும், நல்ல வள்ளித் துண்டாகவே இருந்தாலும், எடுத்துத் தொலைவில் ஒரு பாறை இடுக்கில் போட்டு, கல்லால் மூடியது.

பொழுது சாய்ந்தது. கூட்டம் முழுவதும் கூடி நின்றது. கூரன் பிரித்ததிலிருந்து வரிமுள்ளி ஒரு துண்டை எடுத்தது. கூரன் அதை ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கடித்தது. பல நாள் ஒன்றாகக் கிடந்ததில் எல்லாக் கிழங்குக்கும் ஒரே வாசனை ஏறியிருந்தது. அது கூரனுக்கு உறைக்கவில்லை.

"அத்தை, நாக்கு எரிகிறது" என்றது கூரன். குரல் குழறியது.

சுருளி பாய்ந்து வந்து அதன் வாயிலிருந்ததைத் தட்டிவிட்டது. "துப்பு! விழுங்காதே!" கூரன் துப்பியது, கீழே விழுந்து புரண்டது. மற்றவை அதைத் தாங்கிப் பிடித்துச் சுனைத் தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டன.

வரிமுள்ளி தவிட்டியின் பக்கம் திரும்பியது. முழுக் கிழங்கு ஒன்றை எடுத்து நீட்டியது. தவிட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தது. மென்றது. நாக்கு எரிகிறதா என்று காத்திருந்தது. நாக்கில் மாவாக ஒரு தித்திப்பு மட்டும் பரவியது. விழுங்கியது.

"எரியவில்லை" என்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அன்று குட்டிகள் வயிறாரத் தின்றன. கூரன் மூன்று நாள் வாந்தியெடுத்துக் கிடந்து பிழைத்தது. எழுந்து நடமாடியதும், கிழங்கு அறையின் வாசலில் காவல் இருக்கிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டது. கிழங்கு அறையின் பொறுப்பை ஏற்ற தவிட்டியோ, புதிதாக வரும் ஒவ்வொரு கிழங்கையும் சுருளியிடம் காட்டிய பிறகே உள்ளே வைத்தது.

ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும்போது, நம் இடத்திலேயே பழகியவரா என்று பார்ப்பதைவிட, தொழிலில் தேர்ந்தவரா, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்பவரா என்று பார்ப்பதே நல்லது.