ராஜாவின் எடை எங்கே போனது?

நெடுமாடபுரத்து ராஜா கொற்றவேலருக்கு வீரம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். வயிறு உண்டு. முதலில் அது சபைக்குள் வரும், பிறகு ராஜா வருவார்.

ஆவணியில் பட்டாபிஷேக விழா. அன்று பாட்டனாரின் தங்க அரைக்கச்சையைக் கட்டிக்கொண்டுதான் கொலுவில் உட்கார வேண்டும். சித்திரையிலேயே கட்டிப் பார்த்தார். இரண்டு முனைக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம்!

அரண்மனை வைத்தியர் மருதவாணர் ஒரு வழி சொன்னார். "திங்கள் முதல் வெள்ளி வரை கஞ்சியும் கீரையும். சனி, ஞாயிறு மட்டும் விருந்து."

மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ராஜா என்ன செய்தார் தெரியுமா? ஐந்து நாளும் கஞ்சியை முறைத்துக்கொண்டே குடித்தார். சனிக்கிழமை விடிந்ததும் இலை முன் உட்கார்ந்தவர் ஞாயிறு பொழுது சாய்ந்துதான் எழுந்தார். நெய்ப்பொங்கல், வறுத்த காடை, அதிரசம், நடுவில் களைப்புத் தீரப் பாயசம்! கச்சை இன்னும் விலகியது.

"ஓய் வைத்தியரே! விழாவன்று இது பூட்டவில்லை என்றால் குடும்பத்தோடு நாட்டைவிட்டு ஓடிவிடும். என் விருந்தில் கைவைத்தீரோ, தலை போய்விடும்!"

மருதவாணர் எங்கே ஓடுவார்? பாவம், மகளுக்கு அதே ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அரசவை விகடகவி குழைக்காதரிடம் ஓடிப்போய் அழுதார்.

"அழாதீர் ஐயா. விருந்தை இன்னும் பெரிதாக்கிவிடுகிறேன்," என்றார் குழைக்காதர்.

"அடப்பாவி! என்னைக் கொல்லவா பார்க்கிறீர்?"

குழைக்காதர் நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, ஊரில் ஒரு பேச்சு. கேட்கவே காது கூசுகிறது."

"என்ன பேச்சு?"

"பக்கத்து நாட்டு ராஜா ஊருக்கே சோறு போடுகிறாராம். நம் ராஜா மட்டும் தனியாக உட்கார்ந்து மூக்குப்பிடிக்கத் தின்கிறாராம்."

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன அவனுக்குச் சளைத்தவனா? இனி என் விருந்துக்கு ஊரே வரட்டும்!"

வந்தது. ராஜா ஆசையாக முதல் இலையில் உட்காரப் போனார். குழைக்காதர் பதறினார். "ஐயையோ! விருந்து போடுகிறவர் பந்தி விசாரிக்க வேண்டாமா? வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில்தானே சாப்பிடுவார்? ஊர் சிரிக்குமே!"

ராஜா என்ன செய்வார்? இலை இலையாகக் குனிந்து, "பாயசம் போதுமா? இன்னொரு காடை வைக்கட்டுமா?" என்று எச்சிலை விழுங்கிக்கொண்டே நடந்தார். பந்திக்குப் பின் பந்தி. வியர்த்துக் கொட்டியது. அவருக்கு இலை போட்டபோது அண்டாவில் ரசமும் மோரும்தான் மிச்சம். ஊரோ வாயார வாழ்த்தியது. அதனால் நிறுத்தவும் முடியவில்லை. வாராவாரம் இதே கதை.

விழா நாளில் கச்சை சட்டென்று பூட்டிக்கொண்டது. மருதவாணர் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதார். நிமிர்ந்து நின்ற ராஜாவின் கண் குழைக்காதர்மேல் விழுந்தது. வாரம் தவறாமல் முதல் பந்தியில் உட்கார்ந்தவர் ஆயிற்றே! அங்கவஸ்திரத்தால் மூட முடியாத தொந்தி.

"ஓய், இது என்ன வயிறு?"

குழைக்காதர் அதைப் பவ்யமாகத் தடவிக்கொடுத்தார். "தங்களிடமிருந்து குறைந்த எடைதான், மகாராஜா. அரசாங்கச் சொத்து அல்லவா? கண்டவன் கையில் போகலாமா? நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

"நீரே வைத்துக்கொள்ளும் ஐயா. திருப்பி மட்டும் தந்துவிடாதீர்!"