வாய் நிறையத் தண்ணீர்

"எந்தப் பருவத்துல காட்டுல இறங்கணும், தாயி? அதை மட்டும் சொல்லிரு."

ஆதிச்சன் கேட்டது பூவாயியிடம். அவனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். இருந்தாலும் தாயி என்றுதான் கூப்பிடுவான்.

காரணம் இருக்கிறது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற மழைக்காட்டுக்குள் எந்த மாதமும் தனியாகப் போய், குங்கிலியப் பிசின் எடுத்துக்கொண்டு, போன மாதிரியே திரும்பி வருகிற ஒரே ஆள் அவள்தான். அதனால் ஒரு வருஷமாக அவள் குடிசை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அவளும் போ என்று சொல்லவில்லை.

அவள் குங்கிலியத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உனக்குத் தெரியாததா? நீதானே வேட்டைத் தலைவன்."

"போன வருஷமும் நான்தான் தலைவன்."

அவள் கை நின்றது.

போன வருஷம், முதல் ஈட்டி பிடித்து எல்லோருக்கும் முன்னால் இறங்கியவன் ஆதிச்சனின் தம்பி காளியான். அவன் திரும்பவில்லை. ஈட்டியும் திரும்பவில்லை. கரடி என்றார்கள். காட்டாறு என்றார்கள். எலும்பு கிடைத்தால்தானே எது என்று தெரியும்?

இந்த வருஷம், முதல் ஈட்டி ஆதிச்சன் மகன் செம்பானுக்கு. ஊர் கூடிச் சொல்லியாயிற்று. அவனுக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"மழையில இறங்கேன்," என்றாள் பூவாயி.

"அட்டை ஆளைத் தின்னுரும். மிருகம் கால் வச்ச இடத்துல தண்ணி நிக்கும். எதைப் பாத்துப் போக?"

"கோடையில?"

"சருகு. நாம ஒரு கால் வச்சா அடுத்த ஓடையில நிக்கிற மிளா மானுக்குக் கேக்கும்."

"அப்ப?"

"மழை விட்டு, தை பிறந்ததும். மண்ணுல தடம் அப்படியே பதிஞ்சு கிடக்கும். மிருகமும் தின்னு கொழுத்திருக்கும். எங்க பாட்டன் காலத்துல இருந்து தைதான்."

"பிறகென்ன? தெரிஞ்சதைக் கேக்கவா மலை ஏறி வந்த? வேலையத்த ஆளு."

ஆதிச்சன் சிரிக்கவில்லை.

"தையில எந்த நாளுன்னு காடுதான் சொல்லணும், தாயி. விடிகாலையில கணவாய் வாசல்கல்லுல ஏறி நின்னு நான் கூவுவேன். காடு திருப்பிக் கூவினா இறங்குவோம். கூவலைன்னா மறுநாள்."

"மழையில கூவுமா?"

"எங்க பாட்டன் ஒரு தடவை கூவிப் பாத்தாராம். கூவலை."

"கோடையில?"

"கூவலையாம். தையில மட்டும்தான் கூவும். அதனாலதானே அது நல்ல பருவம்."

"போன வருஷம்?"

"நான் வாயை மூடுமுன்ன கூவுச்சு. அப்படியே என் குரல்ல. காளியான் சிரிச்சான். 'அண்ணே, காட்டுக்கு நம்ம மேல கொள்ளை ஆசை'ன்னான்."

பூவாயி மண்ணை ஊதினாள்.

"கூவினது யாரு?"

"யாரா? மலைதான். எதிர்மலையில மோதி நம்ம குரல் நமக்கே திரும்பும். பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எந்த மலை?"

ஆதிச்சன் கையை நீட்டினான். விரல் நுனிக்கு அப்பால் வெறும் மூடுபனி.

"உக்காரு," என்றாள். "கஞ்சி குடி. வெயில் ஏறட்டும்."

உச்சிவெயிலில் அவனை வாசல்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவன் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டான். வேட்டை நாளில்லாமல் அந்தக் கல்லில் கால் வைக்கக் கூடாது என்பது அவன் ஊர் வழக்கம். வேட்டை நாளிலும் இருட்டுப் பிரியுமுன் ஏறி, பனியோடு பனியாக இறங்கிவிடுவார்கள். இறங்கிவிட்டால் மரத்துக்கு மேல் மரம். வானம்கூடத் தெரியாது.

"ஏறு."

ஏறினான்.

பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது. முதலில் பக்கத்து மரம். அப்புறம் அதற்குக் கீழே இருந்த மரம். அப்புறம் அதற்கும் கீழே. காடு இறங்கிக்கொண்டே போனது. இறங்கி, இறங்கி, கடைசியில் எங்கேயோ ஒரு வெள்ளிக்கோடு மினுங்கியது. கடல்.

எதிரே ஒன்றும் இல்லை. மலை இல்லை. ஒரு பாறை இல்லை. ஒரு மேடுகூட இல்லை.

ஆதிச்சன் நெடுநேரம் பார்த்தான்.

"வெறும் பள்ளமால்ல இருக்கு."

"ம்."

"அப்ப என் குரல் எதுல மோதித் திரும்புச்சு?"



கூவிப் பார்த்துவிடலாம் என்று அவன் மூச்சை இழுத்தான். பட்டென்று அவள் கை வந்து வாயைப் பொத்தியது. குங்கிலிய வாசம். பொத்திய கையை எடுக்காமலே அவனைக் கல்லிலிருந்து இறக்கினாள்.

குடிசைக்குத் திரும்பியதும் கேட்டான்.

"நீ இறங்கும்போது கூவுவியா, தாயி?"

"நான் எதுக்குக் கூவணும்?"

"இந்த வருஷம் வேட்டை வேண்டாம்னு சொன்னா ஊரு சிரிக்கும். செம்பான் தனியாவே இறங்கிருவான். சித்தப்பனைத் தேடணும்னு இப்பவே துடிக்கான். எதிர மலையே இல்லைடான்னு சொன்னா, அப்பனுக்குப் பயம் பிடிச்சிட்டுன்னுவான்."

"நான் சொல்லியிருந்தா, நேத்து நீ நம்பியிருப்பியா?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அவள் சுரைக்குடுக்கையை எடுத்தாள். "வாயைத் திற."

திறந்தான். ஊற்றினாள். கன்னம் இரண்டும் உப்பும் வரை ஊற்றினாள்.

"வேட்டையன்னிக்குக் கல்லுல ஏறும்போது இவ்வளவு இருக்கணும். முழுங்கவும் கூடாது. துப்பவும் கூடாது."

அவன் மடக்கென்று விழுங்கிவிட்டுக் கேட்டான். "அப்புறம் எப்படிக் கூவுறது?"

அவள் மறுபடியும் குங்கிலியத்தைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள்.

தை பிறந்தது.

இருட்டுப் பிரியுமுன் ஆட்கள் கூடினார்கள். பனி ஆளை ஆள் தெரியாமல் அப்பியிருந்தது. நாய்கள் கல்லுக்கு இந்தப் பக்கமே படுத்துக்கொண்டன. அதட்டியும் எழுந்திருக்கவில்லை.

ஆதிச்சனின் மைத்துனன் தவிடன் கிட்டே வந்து முகத்தைப் பார்த்தான்.

"என்ன மச்சான், கன்னம் வீங்கியிருக்கு? பல்லுவலியா?"

ஆதிச்சன் தலையை ஆட்டினான்.

"பல்லுவலியா, எங்க அக்கா விட்ட அறையா?"

பனிக்குள் சிரிப்பு. அப்புறம் அதுவும் அடங்கியது.

செம்பான் கல்லுக்கு முன்னால் போய், சரிவின் விளிம்பில் நின்றான். கையில் ஈட்டி. மணிக்கட்டில் அவன் பெண்டாட்டி கட்டிவிட்ட கறுப்புக் கயிறு. முதல் ஈட்டி பிடித்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் பார்க்கவில்லை.

ஆதிச்சன் கல்லில் ஏறினான்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

வாயிலிருந்த தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. விழுங்கிவிடு, விழுங்கிவிடு என்று தொண்டை கெஞ்சியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஒரு இலை சொட்டுகிற சத்தம். அடுத்த இலை.

"ஓ… ஓ… ஓய்!"

நல்ல கூவல். முடிகிற இடத்தில் கொஞ்சம் பிசிறு தட்டும். அது ஆதிச்சனுக்கு மட்டுமே உள்ள பிசிறு. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அது கீழே இருந்து வந்தது.

"கூவிருச்சு!" என்றான் பின்னால் நின்ற தவிடன். "இறங்குல, மாப்ளே!"

செம்பான் ஒரு காலைத் தூக்கினான்.

தூக்கியவன் அப்படியே நின்றான்.

"எப்பா," என்றான், பனியைப் பார்த்தபடியே. "ஒரு குரல்தானே கேட்டுச்சு? அது நீ கூவினதா, காடு கூவினதா?"

பதில் இல்லை.

"எப்பா?"

"நான்தான்ல கூவினேன்," என்றது ஆதிச்சன் குரல். "வா. இங்கதான் உங்க சித்தப்பனும் நிக்கான்."

அதுவும் கீழே இருந்துதான் வந்தது.

செம்பான் திரும்பிப் பார்த்தான். அவன் ஊரில் முதல் ஈட்டி பிடித்த யாரும் அதுவரை அப்படித் திரும்பியதில்லை.

வெளுக்கத் தொடங்கிய பனியில், நாலு எட்டுப் பின்னால் கல்லின் மேல் அப்பன் நின்றிருந்தான். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. இறுக்கி மூடிய உதட்டோரம் தண்ணீர் கசிந்து தாடியில் வழிந்தது. கண்ணிலும் வழிந்தது. இல்லை, இல்லை என்று தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"செம்பான்… என்னல நிக்க? வா."

இந்தத் தடவை கொஞ்சம் பக்கத்தில்.

செம்பான் ஈட்டியைக் கீழே வைத்தான். கல்லில் படாமல், சத்தம் வராமல், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தான். பின்பக்கமாகவே நடந்து வந்து அப்பன் கையைப் பிடித்து இறக்கினான்.

காதோரம் வாயை வைத்துச் சொன்னான்.

"வீடு போய்ச் சேருற வரைக்கும் முழுங்கிராத, எப்பா."