வலது பக்கம் திரும்பாத மாப்பிள்ளை கார்

மொட்டைக்கரட்டு அண்ணன் தம்பிகள் மூவரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தங்கமான பிள்ளைகள். யார் எதைச் சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள கோளாறே அதுதான்.

மூத்தவர் சன்னாசி, நடுவுள்ளவன் வீரணன். கடைக்குட்டி பால்சாமிக்குக் கல்யாணம் கூடியிருந்தது. பெண்ணின் அப்பா சீனிச்சாமி சாஸ்திரம் சம்பிரதாயம் என்றால் உயிரை விடுகிறவர்.

"மாப்பிள்ளை சொந்தக் கார்ல வரணும். பிள்ளையார் கோயிலை வலமாச் சுத்திட்டு வந்து மண்டபத்து வாசல்ல இறங்கணும். இதுல ஒண்ணு கொறஞ்சாலும் எம்பொண்ணைத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பால்சாமிக்கோ அந்தப் பெண் ராஜகனி மேல் கொள்ளை ஆசை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சொந்தக் கார் இருந்தது. இரண்டே கதவுள்ள பழைய வண்டி. வலது பக்கம் திருப்பினால் ஸ்டீயரிங்கில் கடகடவென்று சத்தம். இடது கதவில் ஒரு ஒடுக்கு, அதனால் அது திறக்காது. டிக்கி மூடியிலும் ஒரு ஒடுக்கு. வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்து, மீரான் மெக்கானிக்கிடம் வழி மட்டும் கேட்டார்கள்.

"ஸ்டீயரிங்கைக் கழட்டுன மாதிரியே திருப்பி மாட்டணும்," என்றார் அவர். "ஒடுக்கை உள்ளருந்து தட்டணும். வெளிய நிக்கிறவங்க அசையாம அழுத்திப் பிடிச்சுக்கணும். முடிக்கிறப்ப ரெண்டு கதவும் ஒண்ணு போல இருக்கணும். அம்புட்டுத்தான்."

கழட்டுவது சுலபமாகவே முடிந்தது. மாட்டும்போதுதான் பேச்சு வந்தது.

"கழட்டுறப்ப நான் மல்லாக்கப் படுத்திருந்தேன்," என்றான் வீரணன். "அண்ணே, நீங்க கொட்டாவி விட்டீங்க."

"இந்தா விட்டுட்டேன்."

"பால்சாமி முதுகுல கட்டெறும்பு கடிச்சுச்சே? அதுக்கு என்ன செய்ய?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். "எறும்பு கடிக்காம மாட்டுனா அது கழட்டுன மாதிரி ஆகாதுடா," என்று சன்னாசி தீர்ப்புச் சொன்னார். எறும்பு தேடப் போனார்கள். பொழுது சாயும்போது ஒன்று அகப்பட்டது. அதற்குக் கடிக்கிற எண்ணமே இல்லை. பால்சாமி சட்டையைக் கழட்டிவிட்டு, ராஜகனியை நினைத்துக்கொண்டு, அதனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கடி வாங்கிக்கொண்டான்.

பலன் கிடைக்காமல் போகவில்லை. கடகட சத்தம் அடியோடு நின்றுவிட்டது. வண்டி வலது பக்கம் திரும்புவதும் நின்றுவிட்டது. கொஞ்சம் நட்டும் போல்ட்டும் மிஞ்சின. டிக்கியின் கைப்பிடியை ஏன் கழட்டினோம் என்று யாருக்கும் நினைவில்லை, அதுவும் மிஞ்சியது. எல்லாவற்றையும் சுத்தியலோடு சேர்த்து டிக்கிக்குள்ளேயே பத்திரமாகப் போட்டு வைத்தார்கள்.

அடுத்தது கதவு. "இடது கதவை வலது கதவு மாதிரி ஆக்குறது பெரும்பாடு," என்றான் வீரணன். "வலதை இடது மாதிரி ஆக்க எம்புட்டு நேரம் ஆகும்?" ஒரு பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டதும் இரண்டு கதவும் ஒன்று போல ஆகிவிட்டன. திறக்காமல் போனதிலும் ஒன்று போலத்தான். அன்றிலிருந்து அவர்கள் ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார்கள்.

டிக்கிக்குத்தான் ஜோடி இல்லை. அதை உள்ளிருந்து தட்டியே ஆகவேண்டும். "கல்யாணம் முடியட்டும்ணே, நானே உள்ள எறங்கித் தட்டித் தாரேன்," என்று பால்சாமி வாக்குக் கொடுத்தான்.

கல்யாணத்தன்று காலையில்தான் அவனுக்கு அது உறைத்தது. "அண்ணே, வண்டி இடது பக்கம் மட்டும்தான திரும்புது! கோயிலை இடமாச் சுத்துனா மாமா பொண்ணு தரமாட்டாரே!" என்று கண் கலங்கினான்.

வீரணன் தரையில் ஒரு வட்டம் கீறி, செருப்பை வண்டியாக வைத்து ஓட்டிப் பார்த்தான். முன்னால் தள்ளினால் இடமாகப் போனது. பின்னால் இழுத்தால் வலமாக வந்தது. "ரிவர்ஸ்லயே போயிருவோம்ணே," என்றான். நம்பாமல் நானும் என் செருப்பை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

பட்டு வேட்டியோடு ஜன்னலில் நுழைய முடியாதே. அதனால் மாப்பிள்ளையை மாலையும் கழுத்துமாக, அன்றிலிருந்து மூடாமலே கிடந்த டிக்கியில் உட்கார வைத்தார்கள். வண்டிக்கு முன்னால் நின்று வாசிக்க ஆரம்பித்த மேளக்காரர்கள், வண்டி தங்களை விட்டு விலகிப் போவதைக் கண்டு வாசித்துக்கொண்டே துரத்தினார்கள். கார் கோயிலைச் சுற்றி வந்து மண்டபத்து வாசலில் நின்றது.

சீனிச்சாமி தீர விசாரித்தார். "சாமி மாப்பிள்ளைக்கு வலது கைப் பக்கமே இருந்துச்சா? அப்பக் குத்தமில்ல," என்றார். டிக்கிக்கு ஆரத்தி சுற்றினார்கள். பால்சாமி சந்தோஷத்தில் துள்ளிக் குதித்து இறங்கினான்.

"நில்லுங்க!" என்று கத்தினார் சீனிச்சாமி. "இடது காலை வச்சுட்டீங்களே மாப்பிள்ளை! ஏறித் திரும்ப எறங்குங்க."

"சும்மா ஏறி எறங்குனா மொதல்ல எறங்குனது இல்லைன்னு ஆயிருமா மாமா?" என்றான் வீரணன். "மூடித் தெறந்தாத்தான புதுசா வந்த மாதிரி?"

சீனிச்சாமிக்கு அது நியாயமாகப் பட்டது. பால்சாமி ஏறிக் குனிந்துகொண்டான். வீரணன் மூடியை ஓங்கிச் சாத்தினான்.

திறக்கிற கைப்பிடி, மிஞ்சிய நட்டு போல்ட்டோடு உள்ளே கிடந்தது. மணவறையிலிருந்து ஐயர், "முகூர்த்தம் தப்பப்போறது, மாப்பிள்ளையை அழைச்சுண்டு வாங்கோ!" என்று குரல் கொடுத்தார். அலங்காரத்தோடு ராஜகனியே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அப்போது டிக்கிக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. டம், டம், டம்.

சன்னாசி மூடியில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. "டேய், ஒடுக்கை எடுக்குறான்டா! அசையாம அழுத்திப் பிடி!"

வீரணன் பாய்ந்து வந்து மூடியின் மேல் படுத்துக்கொண்டான். சீனிச்சாமியும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். உள்ளே தட்டுவது வேகமானது. இவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுத்தினார்கள்.

"பாத்தீங்களா மாமா," என்றார் சன்னாசி, வேர்வையைத் துடைத்தபடி பெருமையாக. "வேலைன்னு வந்துட்டா எந்தம்பி சொந்தக் கல்யாணத்தைக்கூடப் பாக்கமாட்டான்."