இரவல் கங்கு

கொற்றனின் பெயரை எல்லோரும் அறிவார்கள். எயினியின் ஓட்டத்தைப் பற்றியும் பேசுவார்கள். வறண்ட ஏரிக்குள் அன்று இறக்கிவிடப்பட்ட மூன்றாவது ஆளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. போட்டியை அறிவித்து முரசறைந்தவனுக்கே அவள் பெயர் நினைவில்லை. "கீழூரிலிருந்து ஒரு பெண்" என்று சொல்லி முடித்துக்கொண்டான். அவள் பெயர் சாத்தி. அன்பர்களே, இந்தக் கதையை அவள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

மழை பொய்த்த அந்நாட்டில் எஞ்சிய நீரைத் தேக்கிவைத்த குளத்தின் மடைச்சாவி கோட்டையாரிடம் இருந்தது. கோடைதோறும் மேலூர், நடுவூர், கீழூர் என்னும் மூன்று ஊர்களில் ஒன்றுக்கு மட்டுமே அவர்கள் மடை திறப்பார்கள். எந்த ஊருக்கு என்பதை ஒரு போட்டி முடிவு செய்யும். ஊருக்கு ஒருவர், தம் ஊரின் பொது அடுப்பில் எடுத்த நெருப்பைச் சட்டியில் ஏந்தி, முள்வேலியிட்ட ஏரிக்குள் இறங்க வேண்டும். "எந்த ஊர் அடுப்பின் நெருப்பு கடைசிவரை உயிரோடு இருக்கிறதோ, அந்த ஊருக்கே மடை. நெருப்பை இழந்தவர் மேற்கு வாசலுக்கு வெளியே!" என்பது கோட்டையின் கட்டளை. பிறர் சட்டியை உடைக்கவும் தடையில்லை. அந்த வாசலுக்கு அப்பால் வெறும் பாலை. அதில் தள்ளப்பட்டவர் எவரும் திரும்பியதில்லை.

மேலூர்க் கொற்றன் சுள்ளிக்கட்டைத் தோளில் சுமந்து, ஆளுயரச் சுடரோடு இறங்கினான். கரையில் ஆரவாரம் எழுந்தது. சாத்தியின் சட்டியில் சுடரே இல்லை, மேலெல்லாம் சாம்பல்.

"என்னக்கா, உள்ளே நெருப்பு இருக்கா? இல்லே நேத்து அடுப்பை வழிச்சுக்கிட்டு வந்துட்டியா?" என்று அவன் சிரித்தான்.

சாத்தி சட்டியை அணைத்துக்கொண்டு பயத்தோடு ஏரிக்குள் இறங்கினாள். காலையில் அவள் மகள், காலிப் பானையின் அடி ஈரத்தை நாக்கால் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி மட்டுமே அவளை நடக்க வைத்தது.

உச்சிவேளையில் புழுதிக்காற்று எழுந்தது. கோபுரத்துக் காவலரின் கண்களுக்கு ஏரி மறைந்தது. சாத்தி ஒரு புற்றின் மறைவில் சட்டிக்கு மேல் கவிந்து கிடந்தாள். காலடி ஓசை கேட்டது. கொற்றன்தான் என்று எண்ணி மூச்சை அடக்கினாள். வந்தவள் நடுவூர் எயினி.

"அக்கா, காத்துல என் சட்டி அவிஞ்சு போச்சு. ஒரு கங்கு குடுக்கா."

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். எதிரி ஒருத்தி ஒழிவாள், மகளின் தாகம் தீரும். ஆனால் கேட்டவருக்கு அடுப்பு நெருப்பை மறுப்பது அந்த மூன்று ஊர்களிலும் இல்லாத பழக்கம். அவள் துணிந்து கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் கொடுத்தாள். அறத்துக்கு அச்சமற்ற நெஞ்சம்தான் வேண்டும் என்றால், நம்மில் எவர் அறம் செய்ய முடியும்?

"எரிய விடாதே. சாம்பலைப் போட்டுத் தூங்க விடு" என்றாள்.

நெருப்பை இரவல் வாங்குவோர் எல்லோரும் சொல்லும் உறுதிமொழியை எயினியும் சொன்னாள்: "இது அவியுற வரைக்கும் உன் அடுப்பும் என் அடுப்பும் ஒண்ணு."

அப்போது புழுதியைக் கிழித்துக்கொண்டு கொற்றன் பாய்ந்தான். "ஓடுடி!" என்று சாத்தி கத்தினாள். எயினி பறந்தாள். கொற்றனின் உதையில் சாத்தியின் சட்டி சில்லுசில்லாகச் சிதறியது. கங்குகளை மணல் விழுங்கியது. காற்று அடங்கியதும் வந்த காவலர், அவள் கழுத்தில் கவைக்கோல் என்னும் கிளைத்த கழியை மாட்டி மேற்கு வாசலருகே நிறுத்தினர்.

கொற்றன் வெயில் சாயும்வரை எயினியைத் துரத்தினான். ஓடும்போதே சுள்ளிகளை வாரிவாரிப் போட்டான். கட்டு தீர்ந்தது, பெருஞ்சுடர் புகைந்து இறந்தது. எயினி கரையேறிச் சாம்பலை விலக்கினாள். உள்ளே கங்கு சிவந்து விழித்தது. நடுவூரார் குதித்தார்கள்.

எயினி வாய் திறக்காதிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். புழுதியில் நடந்ததைப் பார்த்தவர் இல்லை. ஆனால் அவள் கவைக்கோலில் சிக்கிய கழுத்தைப் பார்த்தாள்.

"என் நெருப்பு நடுப்பகலிலேயே அவிஞ்சது. இது அந்த அக்கா குடுத்தது" என்றாள்.

கரை கொந்தளித்தது.

"முதல்ல நடுவூர்க்காரியோடது அவிஞ்சது, அடுத்து கீழூர்க்காரியோடது உடைஞ்சது. கடைசிவரை சொந்த நெருப்பு வெச்சிருந்தவன் நான்தான்!" என்று கொற்றன் முழங்கினான்.

"எரியற சட்டி எங்க பொண்ணு கையில இருக்கு. உன் நெருப்பு எங்கேப்பா?" என்றனர் நடுவூரார்.

"அது எங்க அடுப்பு நெருப்பு. குடுத்தவளையா வெளியே தள்ளுவீங்க?" என்று கீழூரார் கதறினர்.

மேற்கு வாசலின் தாழ் விலகும் ஓசை சாத்தியின் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கோட்டைத் தலைவன் மடைச்சாவியைப் பிடித்தபடி விழித்தான்.

அன்பர்களே, நீங்கள் அவனிடத்தில் இருந்தால் மடையை எந்த ஊருக்குத் திறப்பீர்கள்? மேற்கு வாசலுக்கு வெளியே யாரை அனுப்புவீர்கள்?

விடை: கட்டளை கேட்டது ஆளையும் சட்டியையும் அல்ல, அடுப்பின் நெருப்பை. கொற்றனின் நெருப்பு இறந்துவிட்டது. உயிரோடு இருப்பது கீழூர் நெருப்பு. ஆனால் எயினி சொன்ன உறுதிமொழிப்படி, அந்தக் கங்கு அணையும்வரை கீழூர் அடுப்பும் நடுவூர் அடுப்பும் ஒன்றே. ஆகவே மடை இரண்டு ஊர்களுக்கும் உரியது. இரண்டு பெண்களும் வெளியே போக வேண்டியதில்லை. அப்படியானால் கொற்றன்? அவனும் வெறுஞ்சட்டியை நீட்டி ஒரு கங்கு கேட்கலாம். கேட்டால் எயினியும் சாத்தியும் மறுக்க முடியாது. கொடுத்தால் மேலூர் அடுப்பும் அவற்றோடு ஒன்றாகும். பிறகு மேற்கு வாசலுக்கு ஆளே இல்லை. மூன்று ஊர்களும் ஒருவருக்கொருவர் அஞ்சும்வரைதான் அந்தச் சாவிக்கு மதிப்பு. தலைவன் சாவியைப் பிடித்தபடி விழித்தது அதனால்தான். கொற்றன் கேட்பானா என்பது அவன் மானத்தைப் பொறுத்தது. நாம் கேட்போமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.